விண்ணை அறிதலும் நற்காட்சியும்



நம் ஆலயங்களில் மூவுலகிற்கும் நாதன் என்று அருகப் பெருமானைப் போற்றுகிறோம். ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தில் எழுந்தருளியுள்ள பெருமானின் திருநாமமே திரைலோக்கியநாதர் என்பதாகும். மேல் உலகம், நடு உலகம், கீழ் உலகம் என்று நாள்தோறும் சொல்லி வணங்கும் நம் இல்லங்களில், பள்ளி செல்லும் பிள்ளை ஒரு நாள் வந்து இவ்வாறு கேட்கும்: "நம் நூல்களில் ஜம்பூத்வீபத்திற்கு இரண்டு சூரியன், இரண்டு சந்திரன் என்று சொல்லியிருக்கிறதே, பாடநூலில் ஒரே சூரியன், ஒரே சந்திரன் என்று இருக்கிறதே, இவற்றுள் எது உண்மை?"

இவ்வினாவைச் சினந்து அடக்கும் பெற்றோரும் உளர். நகைத்துக் கடத்துவோரும் உளர். அடக்கினால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும்; நகைத்தால் ஆகமத்தை மதிப்பதை நிறுத்திவிடும். இரண்டும் நமக்கு இழப்பே. ஆதலின் இவ்வினாவிற்கு மனம் கோணாமல், மெய்யும் கோணாமல் விடை கூறுவது எங்ஙனம் என்று இவ்விதழில் சிந்திப்போம். அதற்கு முன் வானத்தைச் சற்றே நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். பார்க்காமல் வாதிடுவது நம் மரபன்று.

தென்பாண்டி நாட்டில் ஒரு பாடம்

வானம் பார்க்க நாம் தேர்ந்துகொள்ளும் இடம் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஆகும். மதுரையிலுள்ள சமணக் குன்றுகளைத் தரிசித்தவர்கள் இவ்விரு ஊர்களையும் கடந்து, சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குச் செல்லலாம். கழுகுமலையில் பாறையிலே தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம் முதலே அது சிறந்த கல்வி நிலையமாக விளங்கியது. குரவர்களும் குரத்தியரும் அங்கிருந்ததை வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. யாத்திரை செல்லும் குடும்பங்களும், பணியின் பொருட்டுத் தென்பாண்டி நாட்டில் தங்கியுள்ள குடும்பங்களும் அவ்வழியில் கற்றுக்கொள்ளத்தக்க சில செய்திகள் உள.

இவ்விரு ஊர்களுக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல் நிற்கிறது. மார்கழியில் மாலைப்பொழுதில் சூரியன் அம்மலைத்தொடரின் எந்தச் சிகரத்தின் பின் மறைகிறது என்று குறித்துக்கொள்க. வாரம் ஒரு முறை அதே மாடியில், அதே இடத்தில் நின்று நோக்கினால், மறையும் இடம் சிறிது சிறிதாக வடக்கே நகர்வதைக் காணலாம். ஆனி மாதத்தில் அது வடகோடியை அடைந்து, பின்னர்த் தெற்கே திரும்பும். தென்கோடிக்கும் வடகோடிக்கும் இடையே ஏறத்தாழ 47 பாகை இடைவெளி உண்டு. உத்தராயணம், தட்சிணாயனம் என்று நாம் சொல்லிவரும் இரண்டும் இவையே. அவற்றைச் சொல்லாக மட்டும் அறிந்த பிள்ளை, கண்ணால் அறிந்த பிள்ளையாகிவிடும்.

இரவுண்ணாமை நோன்பு பூண்டோர்க்கு இங்கு ஒரு நுட்பமும் உண்டு. மலைக்குப் பின் சூரியன் மறைந்தவுடன் அத்தமனம் ஆகிவிட்டது என்று கொள்ளுதல் கூடாது. மலை மறைப்பதால் உண்மையான அத்தமனத்திற்கு முன்னரே சூரியன் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆகவே பஞ்சாங்கத்தில் அவ்வூர்க்குரிய அத்தமன நேரத்தையும் அறிந்து வைத்தல் நன்று. அதற்கு முன்னதாகவே உணவை முடித்துக்கொள்வோர் மலைநிழல் கண்டு நிறுத்தினும் பிழையில்லை. எனினும் நோன்பின் எல்லை எது என்று அறிந்து நோற்பதே அறிவுடை நோன்பு.

அடுத்த பாடம் சித்திரை முதல் நாளில் அமையும். பூமியின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 9½ பாகை வடக்கே இவ்வூர்கள் உள்ளன. ஏப்ரல் 14ஆம் நாளை ஒட்டிச் சூரியனும் அதே 9½ பாகையில் நேர் உச்சியில் நிற்கும். அன்று பகல் 12.20 மணியளவில் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழலே இராது. ஆவணி மாதத்தில், ஆகஸ்டு 28ஆம் நாளை ஒட்டி, மீண்டும் ஒரு முறை இவ்வாறு நிகழும்.

இனி, நம்மவர் மிகுதியாக வாழும் வந்தவாசிப் பகுதியில் உறவினர் ஒருவர் அதே சித்திரை முதல் நாளில், அவ்வூர் உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நட்டு அளக்கட்டும். அங்கே 5 சென்டிமீட்டர் அளவு நிழல் விழும். அங்கு நிழல் முற்றிலும் நீங்க இன்னும் 10 நாள் ஆகும். இவ்விரு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். அந்நிழல் காட்டும் கோணம் 3 பாகைக்குச் சற்றே மிகுதி. 3 பாகைக்கு 340 கிலோமீட்டர் என்றால் முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு? ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு இதுவே. 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் இவ்வாறே நிழலைக்கொண்டு பூமியை அளந்தார்.

நிழல் மட்டும் போதாது என்று ஐயுறுவோர் இரவில் துருவ விண்மீனைக் காண்க. வந்தவாசியில் அது வடகீழ்வானத்திலிருந்து 12½ பாகை உயரத்திலும், இராஜபாளையத்தில் 9½ பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலும் நிற்கும். கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை என்பதை நினைவிற் கொண்டால் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு 111 கிலோமீட்டருக்கும் ஒரு பாகை என்ற விகிதம் எங்கும் மாறாது நிற்பது, நாம் நிற்கும் நிலம் உருண்டை என்பதால்தான். தெற்கே செல்லச் செல்ல வடவிண்மீன் தாழ்வது போலவே தென்விண்மீன்கள் உயரும். அகத்திய விண்மீன் இராஜபாளையத்தில் தென்வானில் 28 பாகை உயரம் வரை ஏறி, மாசி மாத முன்னிரவில் ஒளிவீசும்.

கோபுரத்தடியில் ஒரு சூரியன்

விண்ணின் அளவை எண்களாகச் சொன்னால் மனத்தில் நில்லாது. ஆகையால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையே உள்ள ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சாலையை அளவுகோலாகக் கொள்வோம். 40 கோடி கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டராகச் சுருக்குவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கோபுரத்தடியில் மூன்றரை மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை ஒன்றை வைத்து அதனைச் சூரியன் என்க. அங்கிருந்து 375 மீட்டர் நடந்தால் பூமி. அதன் அளவு ஒரு சிறிய எலுமிச்சம்பழம். அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஒரு கொண்டைக்கடலை, அது சந்திரன். சூரியனிலிருந்து 570 மீட்டரில் செவ்வாய். அது எலுமிச்சையிலும் பாதி அளவே உள்ள சிறு உருண்டை. ஏறத்தாழ 2 கிலோமீட்டரில் வியாழன், 36 சென்டிமீட்டர் குறுக்களவுடன் பெரும் பூசணி போல் இருக்கும். மூன்றரைக் கிலோமீட்டர் தாண்டியதும் சனி. 7 கிலோமீட்டருக்கு அப்பால் யுரேனஸ். நெப்டியூன் என்னும் கடைசிக் கோளைக் காண இராஜபாளையத்தின் எல்லைக்கே செல்ல வேண்டும்.

ஒளி ஒரு நொடியில் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆனால் நம் அளவுகோலில் அது நொடிக்கு முக்கால் மீட்டர்தான். நான்கு முழ தூரம் தரையை நோக்கி, உயிர்க்கு ஊறு நேராமல் அடிவைத்துச் செல்லும் முனிவர் பெருமானின் நடை போன்றது அது. அந்நடையில் கோபுரத்திலிருந்து எலுமிச்சைக்கு வர 8 நிமிடம் 20 நொடி. இராஜபாளையம் சேர 4 மணி நேரத்திற்கு மேல். சூரியனுக்கு அடுத்த விண்மீனை அடைய அதே நடையில் இரவு பகலாக 4 ஆண்டுகளுக்கு மேல் நடக்க வேண்டும். இந்தச் சுருங்கிய அளவிலும் அவ்விண்மீன் ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவை ஒளியாண்டு என்பர். அது 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீட்டர். ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவிலும், அகத்திய விண்மீன் ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. இன்றிரவு நாம் காணும் அகத்திய ஒளி நம் பாட்டனார்க்கும் பாட்டனார் பிறக்கு முன்னரே புறப்பட்டது. நாம் இருக்கும் பால்வழி மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு. அதில் உள்ள விண்மீன்கள் குறைந்தது 10,000 கோடி. அதைப் போன்ற வேறு மண்டலங்களும் எண்ணில. அவற்றுள் அண்மையிலுள்ள பெருமண்டலமாகிய ஆந்திரமேதாவின் ஒளி நம்மை வந்தடைய 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நிலவற்ற தெளிந்த இரவில் அது வெறுங்கண்ணுக்கே மங்கிய புகைபோல் தோன்றும்.

வானத்தைக் குறித்து வைத்த தமிழகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் ஆண்டாள் நினைவிற்கு வருவது இயல்பு. அவர் அருளிய திருப்பாவையில், மார்கழி விடியலில் வெள்ளி எழுந்ததும் வியாழன் மறைந்ததும் குறிக்கப்பட்டுள்ளன. பேராசிரியர் மு. இராகவையங்கார் இக்குறிப்பைக் கணித்து, கி.பி. 731ஆம் ஆண்டு எனக் காலம் காட்டினார். வேறு காலம் கூறுவோரும் உளர். ஏனெனில் வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை மார்கழி வைகறையில் மேற்கே மறையும். வெள்ளியோ 8 ஆண்டுச் சுழற்சியில் மீண்டும் மீண்டும் விடிவெள்ளியாய் வரும். ஆதலின் இக்காட்சி ஒரு நூற்றாண்டிலேயே சில முறை நிகழக்கூடியது. பிற சான்றுகளும் சேர்ந்தால்தான் காலம் துணியப்படும். நெறி வேறாயினும், விடியலில் எழுந்து வானை உற்று நோக்கிய அந்தக் கண் நம் போற்றுதலுக்குரியது.

நம் நெறியிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. அது பலர் அறியாதது. லோகவிபாகம் என்னும் உலக அமைப்பு நூலை முதலில் பிராகிருதத்தில் இயற்றியவர் சர்வநந்தி முனிவர். அவர் அதனை எழுதியது தமிழகத்தில், பாணராஷ்டிரத்துப் பாடலிகை என்னும் ஊரில். கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரே அவ்வூர் என்பர் அறிஞர். காஞ்சியை ஆண்ட பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458 என்று காலமும் கூறப்பட்டுள்ளது. அதனோடு சனி உத்திராடத்திலும் வியாழன் இடபத்திலும் நின்ற நிலையும் சொல்லப்பட்டுள்ளது. சிம்மசூரி என்பார் செய்த வடமொழி வடிவமே இன்று நமக்குக் கிடைக்கிறது. சுழியத்தையும் இடமதிப்பையும் கொண்டு பேரெண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக இதனைக் கணித வரலாற்றாசிரியர் உலகெங்கும் எடுத்துக்காட்டுகின்றனர். உலகின் அளவைச் சொல்ல முயன்ற முனிவர்க்கு எண்ணின் அளவையே விரிக்க வேண்டிய தேவை ஏற்பட்டது போலும்!

இரண்டு சூரியன் என்னும் வினா

இனிப் பிள்ளையின் வினாவிற்கு வருவோம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களும், யதிவிருஷபாசாரியரின் திலோயபண்ணத்தியும், நேமிசந்திராசாரியரின் திரிலோகசாரமும் உலக அமைப்பை விரிக்கின்றன. ஒரு இலட்சம் யோசனை விரிந்த ஜம்பூத்வீபத்தின் நடுவே மேரு. அதனை வலமாகச் சுற்றுவன சூரியனும் சந்திரனும் பிறவும். ஒரு சூரியன் மேருவை ஒரு முறை சுற்ற 60 முகூர்த்தம், அதாவது இரண்டு நாள் ஆகும். நாள்தோறும் விடிவதால் எதிரெதிராக இரு சூரியர் உளர் என்று கணித்தனர். சூரியனின் பாதைகள் 184. அவற்றை ஒரு திசையில் கடக்க 183 நாள். திரும்பி வர 183 நாள். இராஜபாளையத்து மலைமுகட்டில் நாம் கண்ட வடக்கு தெற்கு நகர்வை இவ்வளவு நுட்பமாக எண்ணி வைத்திருப்பது வியக்கத்தக்கது.

ஆனால் அதே நூல்மரபில் சூரியன் 800 யோசனை உயரத்திலும் சந்திரன் 880 யோசனை உயரத்திலும் உள்ளன என்றும் காண்கிறோம். சந்திரன் சூரியனுக்கு மேலே உள்ளது என்பது இதன் பொருள். 2010ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கன்னியாகுமரி, இராமேசுவரம் முதலிய தென் தமிழகப் பகுதிகளில் ஏறத்தாழ 10 நிமிடம் கங்கண கிரகணம் தெரிந்தது. நடுவில் கருவட்டம், சுற்றிலும் பொன்வளையம். அக்கருவட்டமே சந்திரன். சூரியனுக்கும் நமக்கும் இடையே வந்ததால்தான் அது சூரியனை மறைத்தது. சந்திரனின் தொலைவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர். சூரியனின் தொலைவு 15 கோடி கிலோமீட்டர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியதும் இக்கணக்கின்படியே.

ஆகவே பிள்ளைக்கு நேராகவே சொல்வோம். நமக்கு ஒளி தரும் சூரியன் ஒன்றே, சந்திரன் ஒன்றே, பூமி தன்னைத்தான் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிறது. இவை அளந்து அறியப்பட்டவை. இதைச் சொல்வதால் ஆகமத்திற்கு இழுக்கு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. வாய்மை நம் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. கண்ணெதிரே உள்ளதை இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லி அவ்விரதத்தைக் குலைப்பதுதான் இழுக்கு.

நம் ஆசாரியர்களே இவ்வழியைக் காட்டியுள்ளனர். யதிவிருஷபர் தம் நூலில் ஒரு செய்திக்கு இரு வேறு கருத்துகள் வழங்கினால் இரண்டையும் பதிவு செய்கிறார். சில இடங்களில் இது பற்றிய உபதேசம் மறைந்துவிட்டது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். எல்லாம் அறிவேன் என்று அவர் கூறவில்லை. முற்றறிவு கேவலிக்கே உரியது. நமக்கு வந்து சேர்ந்தது கைம்மாறிக் கைம்மாறி வந்த நூலறிவு. அக்காலத்தில் கண்ணும் கணக்கும் எட்டிய வரை எண்ணி, வழுவாமல் எழுதி வைத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்களைப் போலவே தொடர்ந்து நோக்குவதாகும்.

இவ்விடத்தில் அநேகாந்தத்தைச் சிலர் தவறாகக் கையாள்வர். "பள்ளியில் சொல்வதும் சரி, நூலில் சொல்வதும் சரி, எல்லாம் அநேகாந்தம்" என்று கூறி எழுந்துவிடுவர். அநேகாந்தம் அவ்வளவு எளிய புகலிடம் அன்று. ஒரே பொருளை வெவ்வேறு நோக்கில் பார்த்தால் வெவ்வேறு கூற்றுகள் பொருந்தும் என்பதே அதன் கருத்து. "சூரியன் உதிக்கிறது" என்பது இராஜபாளையத்தில் நிற்பவரின் நோக்கில் வியவகார நயத்தால் சரி. வானூலாரும் அப்படித்தான் பேசுகின்றனர். ஆனால் சந்திரன் சூரியனுக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்ற வினாவிற்கு ஒரே நோக்கில் இரு விடைகள் பொருந்தா. எந்த நோக்கில் என்று கேட்காத அநேகாந்தம் சோம்பலுக்கு இட்ட பெயராகிவிடும்.

இதற்கு மாறாக, அறிவியல் கண்டவை யாவும் நம் நூல்களில் முன்பே உள என்று வலிந்து பொருள் கூறுவோரும் உளர். அதுவும் வேண்டா. பிரபஞ்சத்தின் விரிவு தொடங்கி 1,380 கோடி ஆண்டுகள் ஆயின என்று அறிஞர்கள் கணித்துள்ளனர். உலகம் எவராலும் படைக்கப்படாதது, ஆதியும் அந்தமும் அற்றது என்பது நம் கொள்கை. அறிஞர்கள் அளந்தது விரிவின் காலத்தை. அதற்கு முன் யாது என்பது அவர்களிடையிலும் முடியாத வினா. இரண்டையும் அவசரப்பட்டு ஒன்றாக்கவும் வேண்டா, மோதவிடவும் வேண்டா. கொல்லாமை, வாய்மை, வினையின் பயன், வீடுபேறு என்னும் நம் அடிப்படைகள் சூரியன் எத்தனை என்ற எண்ணிக்கையின் மேல் நிற்பவை அல்ல.

செவ்வாய்க்கு அஞ்சுதல்

விண்ணை அறியாமையால் நம் இல்லங்களில் விளையும் கேடு ஒன்றை இங்குச் சொல்லாமல் விடுதல் தகாது. பெண்ணிற்கு நல்ல குணம், நல்ல கல்வி, நல்ல குடும்பம் எல்லாம் அமைந்திருக்கும். "செவ்வாய் தோஷம்" என்ற ஒரு சொல்லால் அவள் மணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். வருவோர் போவோர் எல்லாம் ஏதோ குறையுடையவளைப் போல் அவளைப் பார்ப்பர். அவள் கண்ணீருக்குக் காரணம் யார்?

நம் சாலையில் 570 மீட்டர் தொலைவில் வைத்த அச்சிறு உருண்டையை நினைத்துப் பாருங்கள். செவ்வாய் என்பது பூமியில் பாதிக் குறுக்களவுள்ள, துருவேறிய சிவந்த மண்ணும் பாறையும் நிறைந்த கோள். 2013 நவம்பர் 5ஆம் நாள் இந்தியா அனுப்பிய மங்கள்யான் கலம் 2014 செப்டம்பர் 24ஆம் நாள் அதனைச் சென்றடைந்து, சுற்றிவந்து படமெடுத்து அனுப்பியது. அப்பாறை ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்க எங்கும் காத்திருக்கவில்லை. நம் சித்தாந்தமும் அதையே கூறுகிறது. உயிர் துய்க்கும் இன்பதுன்பம் அது தானே ஈட்டிய வினையின் பயன். ஜோதிஷ்க தேவரும் தத்தம் வினைக்கு உட்பட்ட சம்சாரி ஜீவன்களே. பிறர் வினையை மாற்றும் உரிமை அவர்க்கு இல்லை. கோளுக்கு அஞ்சிப் பரிகாரம் தேடி அலைவது நற்காட்சியைக் கெடுக்கும் உலக மூடம் என்று ஆசாரியர்கள் விலக்கியுள்ளனர்.

கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்களை இருட்டறையில் உண்ணாமல் அடைத்து வைப்பதும் இத்தகையதே. நிழல் விழுவது எவரையும் தீண்டாது. காக்க வேண்டியது கண்ணை மட்டுமே. சூரிய கிரகணத்தை உரிய வடிகட்டிக் கண்ணாடியின்றி நேரே பார்த்தல் ஆகாது.

கொல்லாமை என்பது உடலை வருத்தாமை மட்டுமன்று. சொல்லால் உள்ளத்தை வருத்தாமையும் ஆகும். தோஷம் என்று ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கும் சொல்லும் ஹிம்சையே. அதனை நீக்குவதற்கு வானத்தைப் பற்றிய எளிய அறிவு துணை செய்யுமானால், அவ்வறிவு நன்ஞானத்தைச் சேர்ந்ததன்றோ?

லோகபாவனை

அவ்வாறாயின் நம் நூல்களின் உலக வருணனைக்குப் பயன் என்னை என்று கேட்கலாம். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் லோகபாவனை ஒன்று. பதினான்கு ரஜ்ஜு உயர்ந்த உலகம், அதனைச் சூழ்ந்து எல்லையின்றி விரிந்த அலோகாகாசம், அவ்வுலகில் தான் பிறந்து இறவாத இடம் ஒன்றும் இல்லாதபடி உழன்று வந்த ஜீவன்: இதனை ஒருவன் தனித்திருந்து சிந்திக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். யோசனைக் கணக்கு அச்சிந்தனைக்கு ஏணி. ஏணியின் படிகளை எண்ணியபடியே கீழே நின்றுவிடுவோர் மேலே ஏறுவதில்லை.

அதே சிந்தனையை நம் சாலையிலும் செய்யலாம். கோபுரத்திலிருந்து 375 மீட்டரில் கிடக்கும் அச்சிறு எலுமிச்சையை மனக்கண்முன் நிறுத்துக. நாம் அறிந்த எறும்பும் யானையும், மரமும் மனிதரும், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டின் நரை அணிலும் எல்லாம் அதன் மேல்தான் வாழ்கின்றன. அதன் தோலினும் மெல்லிய காற்றுப் படலமே அவற்றைக் காக்கிறது. கோபுரம் முதல் இராஜபாளையம் வரை வைத்த மற்றக் கோள்களில் ஒன்றிலும் இதுவரை ஓர் உயிரும் கண்டறியப்படவில்லை. இவ்வளவு பெரிய வெளியில், இவ்வளவு சிறிய இடத்தில், உயிர்கள் ஒன்றையொன்று அண்டி வாழ்கின்றன. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பதே அவற்றின் இயல்பு என்ற நம் ஆசாரியர் உபதேசம் இங்கே விளங்கும். இதனை உணர்ந்தவன் எறும்பைக்கூட மிதிக்கக் கூசுவான். எனது நிலம், எனது குலம், எனது செல்வம் என்று செருக்கவும் கூசுவான்.

ஆகவே பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இதுவாகும். மாலைப் பூசை முடிந்த பின் திங்களில் ஒரு நாளேனும் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். சந்திரன் ஏறத்தாழ 27 நாளில் விண்மீன்களிடையே ஒரு சுற்று வருவதால்தான் 27 நாண்மீன்கள் என்பதையும், நம் நூல்கள் அபிஜித்தையும் சேர்த்து 28 என்பதையும் கூறுங்கள். வந்தவாசிப் பக்கம் உள்ளோர் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1986ஆம் ஆண்டு முதல் அங்கே 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி விண்ணை நோக்குகிறது. தென்பாண்டி நாட்டில் உள்ளோர், பழனி மலைத்தொடரில் 1899ஆம் ஆண்டு தோன்றிய கோடைக்கானல் நிலையம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருவதைச் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் வினாவிற்கு விடை தெரிந்தால் கூறுங்கள்; தெரியாவிடில் யதிவிருஷபரைப் போல் தெரியாது என்று கூறி, சேர்ந்து தேடுங்கள்.

உள்ளதை உள்ளவாறு காண்பதே நற்காட்சி, அறிவதே நன்ஞானம், அதற்கேற்ப நடப்பதே நல்லொழுக்கம். இம்மும்மணிகளுள் முதல் மணியை ஒளிபெறச் செய்ய வானமும் ஒரு துணை என்று கொண்டு, அச்சமும் செருக்கும் நீங்கி, எல்லா உயிர்க்கும் இனியராய் வாழ்வோமாக.

அருகன் அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!